சர்க்கரையின் பூட்டு எந்தக் கார்பனில் இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் ஓர் ஆல்டிஹைடு (சங்கிலியின் முனையில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு கொண்டது) என்று பாடம் சொல்கிறது. ஆனால் ஷிஃப் கரைசலில் விட்டால் ஆல்டிஹைடுக்கு வர வேண்டிய நிறம் வரவில்லை. ஃபிரக்டோஸ் ஒரு கீட்டோன் (அதே பிணைப்பு, சங்கிலியின் நடுவில்). சாதாரணக் கீட்டோன்கள் வெள்ளி அயனி உள்ள டாலன்ஸ் கரைசலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இது மட்டும் சோதனைக் குழாயில் வெள்ளி ஆடி பூசுகிறது. சுக்ரோஸில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தே இருக்கின்றன. அது எதற்கும் அசையவில்லை. போதாக்குறைக்கு, செய்முறை வகுப்பில் ஒருவருடைய சுக்ரோஸ் மட்டும் காப்பர் உள்ள நீல ஃபெலிங் கரைசலில் சிவந்துவிட, "குழாயைச் சரியாகக் கழுவவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. சர்க்கரை மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதிகள் கூட்டமாக நிற்பதால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறுகிறோம். அவற்றில் பெரும்பாலானவை வெறும் ஆல்கஹால்கள்தான். நீங்கள் கேட்ட சோதனைகள் எல்லாவற்றிலும் கதை தொடங்குவது ஒரே ஒரு கார்பனில். அது பூட்டிக் கிடக்கிறதா, திறக்க முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டு போனாலே போதும்.

முதலில் படத்தைத் திருத்த வேண்டும். புத்தகத்தில் குளுக்கோஸை ஏணி மாதிரி நிமிர்த்தி, உச்சியில் ஆல்டிஹைடு வைத்து வரைந்திருப்பார்கள். அந்தப் படம் கணக்குப் போடுவதற்கு வசதி. ஆனால் தண்ணீரில் கரைந்த குளுக்கோஸில் அந்த நிமிர்ந்த வடிவத்தைத் தேடினால், ஆயிரம் மூலக்கூறுகளில் ஒன்றுகூடத் தேறாது. கார்பன் சங்கிலி தானாகவே வளையும் இயல்புடையது. குச்சியும் உருண்டையும் கொண்ட மாதிரிப் பெட்டி கிடைத்தால் ஒருமுறை கோத்துப் பாருங்கள். ஐந்தாம் கார்பனின் ஹைட்ராக்சில் சுற்றி வந்து முதல் கார்பனின் பக்கத்தில் நிற்கும். அந்த ஆக்சிஜன் ஆல்டிஹைடு கார்பனோடு சேர்ந்துகொள்ள, ஆறு உறுப்புகள் கொண்ட வளையம் மூடுகிறது. ஆல்டிஹைடு போய், அந்த இடத்தில் ஹெமிஅசெட்டால் வந்துவிட்டது.

வளையத்தில் அந்தக் கார்பனை அடையாளம் காண்பது எளிது. மற்ற கார்பன்கள் எல்லாம் ஒரே ஓர் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும். இது மட்டும் இரண்டைப் பிடித்திருக்கும், ஒன்று வளையத்தின் ஆக்சிஜன், இன்னொன்று தன் ஹைட்ராக்சில். ஆனோமெரிக் கார்பன் என்பது இதற்குப் பெயர். எந்தச் சர்க்கரையின் படத்தைக் காட்டினாலும் முதலில் இதைத் தேடுங்கள். வளையம் மூடும்போது இதன் ஹைட்ராக்சில் இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அமையலாம். ஒன்று ஆல்ஃபா, மற்றது பீட்டா.

இது வெறும் காகிதக் கதை இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தூய ஆல்ஃபா குளுக்கோஸைக் குளிர்ந்த நீரில் கரைத்த கையோடு போலாரிமீட்டரில் (ஒளியின் அதிர்வுத் தளத்தைக் கரைசல் எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) வைத்தால் நியம ஒளிசுழற்சி சுமார் +112 பாகை காட்டும். அப்படியே விட்டுவிட்டு அவ்வப்போது வந்து பார்த்தால் எண் இறங்கிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் +52.7இல் நின்றுவிடும். பீட்டாவை எடுத்தால் +18.7இல் தொடங்கி ஏறிப்போய் அதே 52.7இல் நிற்கும். இரண்டும் வளையத்தைத் திறந்து, நிமிர்ந்து, திரும்ப மூடி, ஒரே கலவைக்கு வந்துசேர்கின்றன. மியூட்டாரொட்டேஷன் என்கிற இந்த நடத்தையை டுப்ரன்ஃபோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1846இல் பதிவு செய்தார். வளையம் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்: 112ஐயும் 18.7ஐயும் எந்த விகிதத்தில் கலந்தால் 52.7 வரும்? ஆல்ஃபா ஏறக்குறைய 36 சதவீதம், பீட்டா 64 என்று விடை வரும். ஒரு துளி அமிலமோ காரமோ விட்டால் இந்த மாற்றம் மணிக்கணக்கில் இழுக்காமல் சட்டென்று முடிந்துவிடும்.

பீட்டா ஏன் அதிகம்? நாற்காலி வடிவத்தில் அதை வரைந்தால் பெரிய தொகுதிகள் ஐந்துமே நடுவரை நிலையில், ஒன்றையொன்று இடிக்காமல் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். டி வரிசையில் உள்ள எட்டு ஆல்டோஹெக்சோஸ்களில் (ஆறு கார்பன் கொண்ட ஆல்டிஹைடு சர்க்கரைகள்) இந்த யோகம் குளுக்கோஸுக்கு மட்டும்தான். அப்படியானால் ஆல்ஃபா இன்னும் குறைவாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டால், நல்ல கேள்விதான். அச்சு நிலையில், அதாவது வளையத்துக்குச் செங்குத்தாக, நிற்கும் ஆக்சிஜனுக்கு வளைய ஆக்சிஜனின் தனித்த எலெக்ட்ரான் இணை கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆனோமெரிக் விளைவு என்பார்கள். ஹைட்ராக்சிலுக்குப் பதில் மெத்தாக்சி இருந்தால் இந்த விளைவு கை ஓங்கி, அமிலத்தில் சமநிலைக்கு வரும்போது ஆல்ஃபாதான் சுமார் இரண்டு மடங்கு வருகிறது.

சரி, இப்போது ஷிஃப் சோதனை. அந்தக் கரைசல் ஆல்டிஹைடைத் தேடுகிறது. கரைசலில் ஆல்டிஹைடு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதோடு நாம் இதைச் சூடாக்குவதும் இல்லை, வினையும் ஒரேயடியாக ஒரு திசையில் இழுத்துச் செல்வது இல்லை. சோடியம் பைசல்ஃபைட்டோடு குளுக்கோஸ் படிகம் தராததற்கும் இதே காரணம்தான். ஃபெலிங்கில் நிலைமை வேறு. அங்கே திறந்த வடிவம் ஆக்சிஜனேற்றத்தில் நிரந்தரமாகச் செலவாகிறது. செலவானதை ஈடுகட்ட இன்னொரு வளையம் திறக்கிறது. இறைக்கிற கிணறு ஊறிக்கொண்டே இருக்கும் என்பது போல, ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத வடிவத்தின் வழியாகவே மொத்த குளுக்கோஸும் வெளியே வந்துவிடும்.

ஃபெலிங் கரைசலைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், பாடங்களில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். ஹெர்மன் ஃபான் ஃபெலிங் 1849இல் கொண்டுவந்த முறை இது. காப்பர் சல்ஃபேட்டில் காரத்தை ஊற்றினால் காப்பர் ஹைட்ராக்சைடாகக் கீழே விழுந்துவிடும். விழாமல் கரைசலிலேயே பிடித்துவைப்பது டார்ட்ரேட்டின் வேலை. கலந்த கரைசல் நாளடைவில் கெட்டுவிடும் என்பதால்தான் இரண்டு பாட்டில்களாக வைத்து, செய்யும்போது கலக்கிறோம். நீர்த்தொட்டியில் குழாயை வைத்து விடாமல் பார்த்தால், ஆழ்ந்த நீலம் முதலில் கலங்கிப் பச்சையாகும். அந்தப் பச்சை புதிய பொருள் கிடையாது. மிக நுண்ணிய துகள்களாகப் பிறக்கும் காப்பர்(1) ஆக்சைடு மஞ்சளாகத் தெரியும். மீதமிருக்கும் நீலத்தோடு சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. துகள்கள் வளர வளர மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் அடியில் படியும் செங்கல் சிவப்பு. சர்க்கரை குறைவாக இருந்தால் பச்சையோடே நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது விஷயம், குளுக்கோஸ் இதில் குளுக்கோனிக் அமிலமாக மாறுகிறது என்று எழுதும் சமன்பாடு பாதி உண்மைதான். சூடான காரத்தில் சர்க்கரை பல துண்டுகளாக உடைந்து, அந்தத் துண்டுகளும் காப்பரை ஒடுக்கும். ஆகவே ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை காப்பர் என்று நேர்க்கணக்கு வராது. இந்த முறையில் சர்க்கரையை அளப்பவர்கள் சூத்திரத்தை நம்பாமல், சோதித்துத் தயாரித்த அட்டவணைகளைத்தான் பார்க்கிறார்கள்.

ஃபிரக்டோஸுக்கு வருவோம். ஃபெலிங், டாலன்ஸ் இரண்டுமே காரக் கரைசல்கள் என்பதுதான் இங்கே துப்பு. கார்பனைலுக்கு (அந்தக் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு) பக்கத்துக் கார்பனில் உள்ள ஹைட்ரஜனைக் காரம் பிடுங்கும். முதல் இரண்டு கார்பன்களுக்கு இடையில் இரட்டைப் பிணைப்பு வந்து, இரண்டிலும் ஹைட்ராக்சில் தொங்கும் ஈன்டையால் பிறக்கும். இந்த ஈன்டையாலுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்ற நினைவு கிடையாது. ஹைட்ரஜன் திரும்ப எந்தக் கார்பனில், எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து அது குளுக்கோஸாகலாம், மன்னோஸாகலாம் (இரண்டாம் கார்பனில் மட்டும் குளுக்கோஸிலிருந்து மாறுபடும் சர்க்கரை), ஃபிரக்டோஸாகவே திரும்பலாம். லோப்ரி டி பிருய்ன், ஆல்பர்டா ஃபான் எக்கென்ஸ்டைன் இருவரும் 1895இல் காட்டியது இது. ஆக, காரத்தில் போட்ட ஃபிரக்டோஸ் கொஞ்ச நேரத்தில் ஃபிரக்டோஸ் மட்டுமாக இருப்பதில்லை. அந்த ஈன்டையாலே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி ஆடிக்கு வேறென்ன வேண்டும்?

இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்கக் காரமே இல்லாத ஓர் ஆக்சிஜனேற்றி வேண்டும். புரோமின் நீர் அதற்குப் பொருத்தம். லேசான அமிலத்தன்மை கொண்டது, ஈன்டையாலுக்கு அங்கே இடமில்லை. குளுக்கோஸ் அதன் நிறத்தைப் போக்கி குளுக்கோனிக் அமிலம் தரும், ஃபிரக்டோஸ் சும்மா இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட டாலன்ஸைப் பயன்படுத்தக் கூடாது, புரோமின் நீரைப் பயன்படுத்தலாம் என்பதன் காரணமும் இதுதான். இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. புரோமின் நீர் பீட்டா குளுக்கோஸை ஆல்ஃபாவைவிடப் பல மடங்கு வேகமாகத் தாக்குகிறது. திறந்த ஆல்டிஹைடுதான் வினைபுரிகிறது என்றால் இப்படி வேகம் மாறுபட வேண்டியதில்லை. இங்கே வளையமே நேரடியாக ஆக்சிஜனேற்றம் அடைந்து லாக்டோனாகிறது (வளைய எஸ்டர்). எல்லா வினைக்கும் "வளையம் திறந்தது" என்று எழுதிவிட முடியாது.

குளுக்கோஸ், மன்னோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் உறவுக்காரர்கள் என்பதை இன்னொரு வழியில் உறுதி செய்தவர் எமில் ஃபிஷர். 1875இல் ஃபீனைல்ஹைட்ரசீனைத் தயாரித்தார். 1884இல் அதைச் சர்க்கரைகளோடு சேர்த்து மஞ்சள் படிகங்களாக ஓசசோன்களைப் பிரித்தார். பாகுபோல் ஒட்டிக்கொண்டு படிகமாக மறுக்கும் சர்க்கரைகளோடு போராடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். (அந்த ஃபீனைல்ஹைட்ரசீன் அவர் உடம்பையும் கெடுத்தது.) ஒரு சர்க்கரைக்கு மூன்று ஃபீனைல்ஹைட்ரசீன் செலவாகும். ஒன்று முதல் கார்பனில் ஒட்டும். இரண்டாவது, பக்கத்து ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றிவிட்டுத் தான் அனிலீனாகவும் அமோனியாவாகவும் உடையும். புதிதாகப் பிறந்த கார்பனைலில் மூன்றாவது ஒட்டும். அதோடு வினை நின்றுவிடும், மூன்றாம் கார்பனுக்குப் போகாது; உள்ளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பால் ஒரு வளையம் அமைந்து மூலக்கூறு நிலைத்துவிடுகிறது.

குளுக்கோஸ், மன்னோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் ஒரே ஓசசோனைத் தருகின்றன. முதல் இரண்டு கார்பன்களின் வேறுபாடு அழிந்த பிறகு மூன்றும் ஒன்றாகின்றன என்றால், மீதி நான்கு கார்பன்களின் அமைப்பு மூன்றிலும் ஒன்றேதான். இப்படிப்பட்ட தர்க்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 1891இல் குளுக்கோஸின் முப்பரிமாண அமைப்பையே ஃபிஷர் தீர்மானித்தார். எக்ஸ்-கதிர் இல்லை, என்எம்ஆர் இல்லை, கையில் இருந்தவை படிகங்களும் உருகுநிலையும் ஒளிசுழற்சியும்தான். 1902இல் நோபல் பரிசு. உண்மையான மூலக்கூறா அதன் கண்ணாடிப் பிம்பமா என்பதை மட்டும் அவரால் சொல்ல வழியில்லை. இரண்டில் ஒன்றை ஊகமாகத் தேர்ந்தார். 1951இல் பைவூட் எக்ஸ்-கதிர் ஆய்வில் அது சரியென்று தெரிந்தது.

வாய்ப்புக் கிடைத்தால் ஓசசோனை நுண்ணோக்கியில் பாருங்கள். குளுக்கோசசோன் மஞ்சள் ஊசிகளைக் கட்டுக்கட்டாக வைத்த மாதிரி இருக்கும், கரைசல் சூடாக இருக்கும்போதே விழத் தொடங்கிவிடும். மால்டோசசோன் சூரியகாந்தி இதழ் மாதிரி, லாக்டோசசோன் பஞ்சுருண்டை மாதிரி. இவை இரண்டும் ஆறிய பிறகுதான் வரும். அவசரப்பட்டு "படிகம் இல்லை" என்று எழுதி மதிப்பெண்ணை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பூட்டு. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு கலந்த மெத்தனாலில் குளுக்கோஸைக் கொதிக்க வைத்தால், ஐந்து ஹைட்ராக்சில்களில் ஒன்று மட்டும் மெத்தாக்சியாக மாறும். எது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஹெமிஅசெட்டால் அசெட்டாலாகிவிட்டது, கிளைக்கோசைடு என்கிறோம். அதற்குப் பிறகு ஒளிசுழற்சி நகராது, ஃபெலிங் சிவக்காது, ஓசசோன் வராது. இந்தப் பூட்டின் குணத்தை நன்றாக மனதில் வையுங்கள்: காரத்துக்கு அது அசையாது, அமிலத்துக்குத் திறந்துவிடும்.

இரண்டு சர்க்கரைகள் சேரும்போது மெத்தனாலின் இடத்தில் இன்னொரு சர்க்கரை வந்து நிற்கிறது, அவ்வளவுதான். மால்டோஸில் முதல் குளுக்கோஸின் ஆனோமெரிக் கார்பன் இரண்டாவதின் நான்காம் கார்பனில் உள்ள ஆக்சிஜனோடு பூட்டிக்கொண்டது. இரண்டாவதின் ஆனோமெரிக் கார்பன் சும்மாதான் இருக்கிறது, ஆகவே மால்டோஸ் ஒடுக்கும் சர்க்கரை, அதாவது ஃபெலிங்கைச் சிவக்க வைக்கும். லாக்டோஸும் அப்படியே, ஆனால் முதல் சர்க்கரை கேலக்டோஸ், பூட்டின் திசை பீட்டா. சுக்ரோஸில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனும், அதாவது இரண்டு பேருடைய ஆனோமெரிக் கார்பன்களும், ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன. திறக்க வளையமே மிச்சமில்லை. ஆல்டிஹைடும் கீட்டோனும் "உள்ளே இருக்கின்றன" என்று நினைத்துதான் குழம்புகிறோம். பூட்டு உடையும் வரை இரண்டுமே அங்கே இல்லை.

ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் இதே பூட்டின் நீண்ட சங்கிலிகள், ஒன்றில் ஆல்ஃபா, மற்றதில் பீட்டா. சங்கிலியின் ஒரே ஒரு முனையில்தான் திறந்த ஆனோமெரிக் கார்பன். ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு நடுவில் அது ஃபெலிங்கில் தெரியாது.

அமிலத்தில் சுக்ரோஸின் பூட்டை உடைப்பது வேதியியல் வரலாற்றிலேயே முக்கியமான ஒரு சோதனை. சுக்ரோஸின் சுழற்சி +66.5. உடைந்தபின் சமஅளவு குளுக்கோஸும் (+52.7) ஃபிரக்டோஸும் (சுமார் −92) கலந்திருக்க, எண் −20 அளவில் போய் நிற்கும். வலது இடதாகப் புரண்டதால்தான் அதற்கு எதிர்மாறு சர்க்கரை என்று பெயர். ஒரு வினை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைக் குழாயைத் திறக்காமலே ஒளியால் அளக்கலாம் என்ற வசதியைப் பிடித்துக்கொண்டு, 1850இல் வில்ஹெல்மி இதன் வேகத்தை அளந்தார். சுக்ரோஸ் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அந்த அளவுக்கு வேகம் என்று கண்டார். வினைவேகவியல் என்ற துறையே இங்கிருந்துதான் கிளம்பியது.

சோதனைப் பட்டியலில் மீதி உள்ளவற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். சோடியம் போரோஹைட்ரைடு குளுக்கோஸைச் சார்பிட்டாலாக ஒடுக்கும். ஃபிரக்டோஸ் என்றால் புதிய மையம் இரண்டு விதமாகவும் அமைவதால் சார்பிட்டாலும் மன்னிட்டாலும் வரும். நைட்ரிக் அமிலம் இரண்டு முனைகளையும் அமிலமாக்கும். கேலக்டோஸில் வரும் மியூசிக் அமிலம் எளிதில் கரையாமல் படிகமாக விழுவதால் அடையாளத்துக்கு உதவும். வலுவான அமிலத்தில் சூடாக்கினால் ஹெக்சோஸ்கள் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரலாகும். மோலிஷ் சோதனையின் ஊதா வளையமும் செலிவனாஃப் சோதனையின் சிவப்பும் அதன் விளைவுகள். கீட்டோன் சர்க்கரைகளான கீட்டோஸ்களுக்கு இந்த நீரிழப்பு வேகமாக நடக்கும் என்பதால்தான் செலிவனாஃபில் ஃபிரக்டோஸ் முந்திக்கொள்கிறது. சுக்ரோஸும் அங்கே சிவக்கும், அமிலம் பூட்டை உடைத்துவிடுவதால்.

அமீன்களோடு நடப்பதை மட்டும் சட்டென்று விட மனமில்லை. திறந்த ஆல்டிஹைடு ஒரு அமினோ தொகுதியைச் சந்தித்தால் ஷிஃப் காரம் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு கொண்ட சேர்மம்) உருவாகும். பிறகு ஃபிரக்டோஸ் கதையில் பார்த்த அதே மாதிரி ஹைட்ரஜன் இடம் மாறி, கார்பனைல் இரண்டாம் கார்பனுக்குப் போய்விடும். அமடோரி மாற்றம் என்று பெயர். 1912இல் மைலார்ட் விவரித்த, உணவு வேகும்போது வரும் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் இது ஆரம்பப் படி. ரத்தத்திலும் இது மெதுவாக நடக்கிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையில் உள்ள வேலினில் குளுக்கோஸ் இப்படி ஒட்டிக்கொண்டதைத்தான் எச்பிஏ1சி என்று அளக்கிறார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் பதிவாகிறது. ஆல்டோஹெக்சோஸ்களில் மிகக் குறைவாகத் திறந்திருப்பது குளுக்கோஸ்தான், புரதங்களை அதிகம் சீண்டாது, ரத்தத்தில் ஓடும் சர்க்கரையாக அது அமைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்தும் உண்டு.

கடைசியாக, சிவந்துபோன அந்த சுக்ரோஸ். அழுக்குக் குழாய் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் கரைசலின் வயதைத்தான் கேட்பேன். சர்க்கரைக் கரைசலைச் சில நாள் திறந்து வைத்தால் ஈஸ்ட் குடிவந்துவிடும். அதன் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸை அழகாக உடைத்து வைத்திருக்கும். முந்தைய சோதனையின் அமிலம் குழாயில் ஒட்டியிருந்து, அதிலேயே சுக்ரோஸைச் சூடாக்கியிருந்தாலும் இதே கதி. ரொம்ப நேரம் கொதிக்க விட்டாலோ தூய சுக்ரோஸும் காப்பரைக் கொஞ்சம் ஒடுக்கத்தான் செய்யும், அதனால் நேரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சந்தேகம் தீர இப்படிச் செய்யுங்கள். அன்றே கரைத்த சுக்ரோஸை இரண்டு குழாய்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் சோடியம் கார்பனேட் போட்டு நுரை அடங்கும் வரை நடுநிலையாக்குங்கள். இதை மறந்தால் அமிலம் டார்ட்ரேட்டின் பிடியைக் கெடுத்து, சர்க்கரை உடைந்திருந்தும் சிவப்பு வராமல் போகும். பிறகு இரண்டிலும் ஃபெலிங் சேர்த்து ஒரே நீர்த்தொட்டியில் ஒரே நேரத்துக்கு வையுங்கள். அமிலம் பார்த்த குழாய் சிவந்து, மற்றது நீலமாகவே நின்றால், அன்று வகுப்பில் சிவந்ததற்குத் தூய சுக்ரோஸ் காரணம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டும் சிவந்தால் குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்யுங்கள்.